பதினொன்றாம் தோட்டம்

ஆய்வகத்தில் சுபலட்சுமி அச்சுப்பொறியை நிறுத்தினாள். பாதித் தாள் வெளியே வந்து நின்றது.

"என்னக்கா?" ரஞ்சித் எழுந்து வந்தான். ஆராய்ச்சி மாணவன். நாளை அவனுடைய கருத்தரங்கு. நாலு மணிக்குள் படம் நெறியாளர் மேசைக்குப் போக வேண்டும்.

"இருப்பா."

மேலூரிலிருந்து உத்தமர்சீலி வரை வரிசையாக இருபத்தொரு வாழைத் தோட்டங்கள்; மேலூர் ஒன்று, உத்தமர்சீலி இருபத்தொன்று. தண்ணீருக்கு ஓர் அட்டவணை, இலைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று. மூன்றையும் மென்பொருள் ஒரே படமாக்கும். தோட்டத்துக்கு மூன்று புள்ளிகள். மூன்றையும் நடுவில் இழுத்துக் கட்டிய கோடுகள். அட்டவணைகள் ஒத்துப்போனால் கோடு குட்டை, முரண்பட்டால் நீளம். மண் புள்ளிகள் எங்கோ விலகி நின்றன. மண்ணுக்கும் இலைக்கும் ஒட்டுறவே இல்லை என்று ரஞ்சித் ஓர் அத்தியாயம் எழுதிவிட்டான்.

ஆனால் பதினொன்றாம் தோட்டத்தில் கோடுகள் குட்டை. பத்திலும் பன்னிரண்டிலும் கொஞ்சம் நீளம். ஒன்றிலும் இருபத்தொன்றிலும் படத்தின் ஓரம் வரை.

"படத்த வச்சு ஜோசியம் பாக்குறீங்களா?"

தோட்டங்களில் மாதிரி எடுத்துவரும் வீரமலைக்கு அவள் போன் போட்டு, எந்த வரிசையில் எடுத்தது என்று கேட்டாள்.

"தண்ணி, எலை ரெண்டும் மேலூர்லேர்ந்து ஆரம்பிச்சேம்மா. மண்ணு கனம்ல? தூரத்துலேர்ந்து ஆரம்பிச்சா சுமையோட திரும்ப வேணாம். அதான் உத்தமர்சீலிலேர்ந்து வந்தேன்."

"அப்ப மண்ணு மூட்டைல ஒண்ணுன்னா உத்தமர்சீலியா?"

"ஆமா. பேரெல்லாம் வேணாம், நம்பர் போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னதுதான். பெயர்களைக் கணினியில் அடிக்க நேரமாகிறதென்று சொன்னாள். மென்பொருள் முதல் வரியை முதல் வரியோடு சேர்க்கும். அது மேலூர்த் தண்ணீரை உத்தமர்சீலி மண்ணோடு சேர்த்திருந்தது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவிலிருக்கும் பதினொன்று மட்டும் பதினொன்றே.

பதினோரு வருட ஒப்பந்த வேலை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று மென்பொருள் கற்றவள். வருடா வருடம் ஒப்பந்த நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போடுபவர் அதே நெறியாளர் ஹரிஹரசுதன். இந்த வருடத்துத் தாளில் இன்னும் போடவில்லை.

மண் அட்டவணையைத் தலைகீழாக்கி மறுபடி ஓட்டினாள். எல்லாத் தோட்டங்களிலும் கோடுகள் சுருங்கின; மண்ணும் இலையும் ஒத்துப்போயின.

ரஞ்சித் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "அக்கா, இத யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நான் பாத்துட்டேனே."

"என் அத்தியாயம் என்னாகும்? போய்ச் சொன்னா உங்க வேலையும் போகும்."

இரண்டு படங்களையும் அச்செடுத்தாள். மணி மூன்று ஐம்பது. "தப்பு என்னுது. நானே சொல்றேன். நீ வாசல்ல நில்லு."

மறுநாள் கருத்தரங்கு நடக்கவில்லை. ஆறு வாரம் தள்ளிவைத்ததாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ரஞ்சித் வரவில்லை. சுபலட்சுமி ஒன்பதரைக்கு வந்து வேறொரு மாணவியின் நெல் அட்டவணைகளைச் சரிபார்த்தாள். மூன்று மணிக்கு நெறியாளர் கையெழுத்தோடு நீட்டிப்புத் தாள் வந்தது. ஒரு வருடம் என்பதை அடித்துவிட்டு மூன்று மாதம் என்று எழுதியிருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.