மணிக்கட்டு மட்டும் பார்க்கிறவள்

தீவுக்கு வருகிறவர்கள் படகை விட்டு இறங்கினதும் முதலில் பார்ப்பது கடற்கரையையும் இல்லை, மலையையும் இல்லை; வளையல்காரம்மாவின் உச்சந்தலையை. குனிந்த தலை நிமிராமல் நீட்டின கையைப் பிடிப்பாள், காகிதப் பட்டையைச் சுற்றுவாள், பசையை அழுத்துவாள், "அடுத்து" என்பாள். அன்றே திரும்புகிறவருக்கு வெள்ளை, ராத்தங்குகிறவருக்குப் பச்சை. வருகிறவர் கையிலெல்லாம் மாட்டிவிடுகிறவள் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. அவள் கையில் ஒரு வளையல் கிடையாது. பட்டையில் சிக்குகிறதென்று என்றைக்கோ கழற்றி வைத்துவிட்டாள்.

நுழைவுக் கட்டணம் என்று ஒன்று வந்ததே கூட்டத்தைக் குறைக்கத்தான். குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். முன்பு கூச்சப்பட்டுக்கொண்டு குப்பை போட்டவர்கள், இப்போது "அதான் காசு கட்டியிருக்கோம்ல" என்று உரிமையோடு போடுகிறார்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. அதற்குள் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வேறு வந்தது. பகலுக்கென்று வந்தவர் ராத்திரி பதுங்கிவிடக் கூடாதே, அதனால் சாயங்காலப் படகில் ஏறும்போது வெள்ளைப் பட்டைகளை அவளே கத்தரித்து டப்பாவில் போட வேண்டும். கட்டினதும் வெட்டினதும் ஒத்துப்போனால்தான் படகு நகரும்.

ஊர்க்காரர்களுக்குப் பக்கத்தில் தனிக் கதவு. அங்கே அட்டையும் கிடையாது, கட்டணமும் கிடையாது. வளையல்காரம்மா பார்த்துத் தலையை ஆட்டினால் உள்ளே போகலாம். தீவில் பிறந்த முகம் எதுவும் அவளுக்குத் தப்பாது என்று கட்டணம் வாங்குகிற ஆபீசே நம்பியது. அந்தக் கதவைப் பார்க்கத்தான் அவள் தலை நிமிரும்.

அந்த வாரம் அவளுக்கு நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. மகள் வருகிறாள். இந்த வாரம் வருவேன் என்று அப்பனிடம்தான் போனில் சொல்லியிருந்தாள். என்றைக்கு என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவோடு அவளுக்குப் பேச்சே இல்லை.

காரணம் மாடி அறை. சீசன் வந்தால் வளையல்காரம்மா அதை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவாள். மகள் தன் பாயையும் புத்தகங்களையும் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு இறங்க வேண்டும். பரீட்சைக்கு நடுவிலும் இறங்கினாள், காய்ச்சலிலும் இறங்கினாள். கடைசியாக ஒரு நாள், "நானும் காசு குடுத்தாத்தான் இந்த வீட்ல ரூம் கிடைக்கும் போல" என்று சொல்லிவிட்டுப் படகேறிப் போனவள்தான். அம்மாவும் சும்மா இல்லை, "போனா போ, எனக்கென்ன" என்று கத்தினாள். அந்த வார்த்தை இன்று வரைக்கும் அவளுக்குத் தொண்டையில் நிற்கிறது.

இந்தத் தடவை, சீசன் உச்சத்தில், கேட்டு வந்த அத்தனை பேரையும் இல்லை என்று அனுப்பினாள். அறையைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தாள். என்ஜின் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், "கல்யாண வீடு தோத்துது போ" என்று கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தால் தங்குவாளா, தலையைக் காட்டிவிட்டு ஓடுவாளா என்பதுதான் மனசைக் குடைந்தது.

ஒவ்வொரு படகுக்கும் அவள் கண் ஊர்க்காரர் கதவிலேயே கிடந்தது. கை பாட்டுக்குப் பட்டை கட்டியது, வாய் பாட்டுக்கு "அடுத்து" என்றது. ஒருவருக்கு இரண்டு கையிலும் கட்டிவிட்டு அவர் முறைத்த பிறகு ஒன்றைக் கத்தரித்தாள்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்தபோது, படகுக்குக் கயிறு கட்டுகிறவர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"பாப்பா நல்லா வளந்துருச்சுக்கா. முடியெல்லாம் வெட்டிக்கிட்டு, ஆளே மாறிப்போச்சு."

"எந்தப் பாப்பா?"

"ஒங்க மகதான். காலையில தொப்பி போட்டுக்கிட்டு வந்துச்சே. நீங்கதான பட்டை கட்டி விட்டீங்க?"

"நானா? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"அம்மாவும் மகளும் ஏதோ வெளையாடுறீங்கன்னு நெனச்சேன்."

"என்ன கலருப்பா கட்டினேன்?"

"வெள்ளை."

 ஊர்க்காரர் கதவு இருக்க, மகள் சொந்த ஊருக்குக் காசு கட்டி, வந்தவர்கள் வரிசையில் வந்து கையை நீட்டியிருக்கிறாள். பெற்றவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்து அவளைத் தேடியிருக்கிறாள். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். அங்கே வரவில்லை என்றார் வீட்டுக்காரர். ஓடிப் போய்த் தேடலாம் என்றால் அடுத்த படகு கரையை அணைத்துவிட்டது. அந்தப் படகில் வந்தவர்களுக்கு எப்படிக் கட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால வரிசையில் வளையல்காரம்மா முதல் தடவையாக முகம் பார்த்தாள். ஒவ்வொரு தொப்பியையும் குனிந்து பார்த்தாள், கறுப்புக் கண்ணாடி போட்டவர்களைக் கழற்றச் சொன்னாள். வரிசை நகரவில்லை. "எங்களையென்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். படகு ஹாரன் அடித்தது. ஆட்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள்.

கடைசி ஆளாகத் தொப்பி வந்தது. கை நீண்டது.

"காலையில கையப் புடிச்சப்பவாவது தெரியும்னு நெனச்சேம்மா," என்றாள் மகள். "தெரிஞ்சா இருக்கலாம், இல்லன்னா போயிரலாம்னு வந்தேன்."

"ஒன்னத்தான்டி தேடிக்கிட்டு இருந்தேன். அந்தக் கதவுல."

"காசு குடுத்தவங்களுக்குத்தான இங்க எடம். நீ சொல்லிக் குடுத்ததுதான். சரி, வெட்டு. நேரமாச்சு."

"மாடி ரூம் காலியா இருக்கு. யாருக்கும் விடல."

"சீசன்லயா?"

"ஜன்னல் கூடத் தெறந்துதான் கெடக்கு. போய்ப் பாரு."

 கத்தரிக்கோல் மேசையிலேயே கிடந்தது. வளையல்காரம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை.

டப்பாவைப் படகுக்குக் கொண்டுபோய் எண்ணிப் பார்த்த கயிற்றுக்காரர் அங்கிருந்து கத்தினார். "அக்கா, ஒண்ணு கொறையுதே! ஆளு வருதா, இல்லையா?"

"கொறையலப்பா," என்று அவளும் கத்தினாள்.  "இது நம்ம ஊரு ஆளு. காலையில நான்தான் தப்பாக் கட்டிட்டேன். நீ கயிற அவுரு."

படகு நகர்ந்தது. மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் கட்டின காசு?" என்றாள்.

"அதெல்லாம் திருப்பித் தர மாட்டாங்க," என்றாள் வளையல்காரம்மா, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுக்கு வா."