நம்ம வீட்டு ஓட்டு

தேர்தல் நெருங்கினால் எங்கள் பக்கத்து வீட்டுப் புல்வெளியில் இரண்டு பலகைகள் முளைத்துவிடும். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு வேட்பாளரின் பெயர், அந்தப் பக்கம் அவரை எதிர்த்து நிற்பவரின் பெயர். ஒஹாயோ மாநிலத்தின் இந்தச் சிறிய ஊருக்கு நாங்கள் குடிவந்த புதிதில் அதைப் பார்த்து என் மனைவி கலா பயந்தே போனாள். அந்த வீட்டில் இருப்பவர்கள் டேவிட், சூசன் என்ற வயதான தம்பதி. புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை, வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், அநேகமாக அடுப்பும் தனித்தனிதான் என்று முடிவு கட்டி, ஒரு டப்பா நிறைய எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டுபோய் சூசனிடம் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சூசனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கு உங்களுக்கு ஏதாவது பண்டிகையா என்று கேட்டாளாம்.

என் பங்குக்கு நானும் அசடு வழிந்தேன். வேலியோரம் நின்றிருந்த டேவிட்டிடம், "உங்கள் ஹவுஸின் ஓட்டு கடைசியில் யாருக்கு?" என்று கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "ஹவுஸ் எந்தப் பக்கம் சாயும் என்று இப்போது சொல்ல முடியாது, போட்டி நெருக்கமாக இருக்கும்" என்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஹவுஸ் என்று பெயர். நான் வீட்டைக் கேட்டேன், அவர் நாட்டைச் சொன்னார். சுற்றி வளைத்து ஒருவழியாக விளக்கியபோது, அவர் என்னைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்தார். "வீடு எப்படி ஓட்டுப் போடும்? ஆள்தானே போட முடியும்?"

வீடு ஓட்டுப் போடும். எங்கள் பக்கத்தில் வீடுதான் ஓட்டுப் போட்டது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில், கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கிராமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் என் அப்பா முனுசாமியிடம் மட்டும்தான் பேசுவார்கள். அம்மாவிடமோ எங்களிடமோ ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஓட்டுக்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது அப்பா சின்னத்தைச் சொல்லிவிட்டு, "நம்ம வூட்டு ஓட்டு சிந்தாம செதறாம வுழணும்" என்பார். மறுநாள் காலையில் எல்லாரும் குளித்து, கோயிலுக்குப் போகிற மாதிரி அவர் முன்னால் நடக்க, பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம்.

கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை, இது என்னப்பா நியாயம், ஆளுக்கு ஒரு ஓட்டு என்றுதானே சட்டம் இருக்கிறது என்று கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. "தனி ஓட்ட எவன்டா மதிப்பான்? தெரு முச்சூடும் ஒண்ணா நின்னதாலதான் ஏரிக்கு மதகு வந்துது. நீ ஒருத்தனா போயி நின்னா உனக்கு ஒரு டீ கூட வாங்கித் தர மாட்டான்" என்றார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போய், வெயிலில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஐயா, சாமி" என்று பேசிவிட்டு வந்த மனிதர் அவர். ஒற்றை ஆளுக்கு என்ன மரியாதை என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்னதில் பாதி சரி என்று இப்போது படுகிறது. மீதிப் பாதிக்காகத்தான் நான் ஊரை விட்டு வந்தேனோ என்றும் படுகிறது.

குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது அந்த மீதிப் பாதி எனக்குப் பாடமாகவே வந்தது. அதிகாரம் மக்கள் கொடுத்தது, அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் அரசுக்குக் கை கால் கிடையாது. சட்டத்துக்கு மேலே ஒருவரும் இல்லை. எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். ஒரு மனிதனுடைய மனசாட்சிக்குள் சர்க்கார் மூக்கை நுழைக்கக் கூடாது. காரில் வேலைக்குப் போகும்போது இந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே போவேன். பரீட்சைக்காகத்தான் படித்தேன் என்றாலும் சில வரிகளை இரண்டு தடவை சொல்லிக்கொள்வேன். எங்கள் தெருவிளக்குப் பிரச்சினைக்காக நகரசபையில் எழுந்து பேசினேன். பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். மேடையில் இருந்த பெண்மணி நான் சொன்னதை எழுதிக்கொண்டு, வந்து பேசியதற்கு நன்றி என்றார். வீட்டுக்கு வந்து கலாவிடம் அதை நாலு தடவை சொன்னேன். அதே ஊரில், கடையில் வரிசையில் நின்றிருந்தபோது ஒருவர் நீ நிஜமாகவே எந்த ஊர் என்று கேட்டு, நான் சொன்ன பதில் போதாமல் மறுபடியும் கேட்டார். அந்தப் பெரிய வாக்கியங்களும் இந்தச் சின்னக் கேள்வியும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.

அவர்களுடைய அரசியலுக்கெல்லாம் அடியில் கிடக்கும் சொல் ஒன்று உண்டு, இண்டிவிஜுவல். தனிமனிதன் என்று நாம் எழுதுகிறோம். எனக்கு அந்தத் தமிழ்ச் சொல்லில் ஒரு சங்கடம். நம்மிடம் தனி என்றால் தனித்துவமும்தான், யாருமில்லாமல் இருப்பதும்தான். டேவிட்டின் காதில் அந்தச் சொல் விடுதலையாக விழுகிறது. என் காதில் அப்பா போனில் கேட்கிற "தனியாவா இருக்கற, சாப்ட்டியா?" என்பதும் சேர்ந்தே விழுகிறது.

பிரமாணம் எடுத்த அன்று ஒரு பெரிய கூடத்தில் பல தேசத்து ஆட்கள் வலக்கையை உயர்த்திக்கொண்டு நின்றோம். இதுவரை விசுவாசமாக இருந்த அந்நிய அரசர், அரசு எல்லாவற்றையும் முழுக்க முழுக்க, அடியோடு ரினவுன்ஸ் செய்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். துறக்கிறேன் என்று அர்த்தம். திருவண்ணாமலைக்காரனுக்கு அது புதிய சொல்லா? கிரிவலப் பாதை நெடுகக் காவி கட்டிய துறவிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களும் மத்தியானம் ஆனால் அன்னதான வரிசைக்குத் தட்டோடு வந்துவிடுவார்கள். எதைத் துறந்தாலும் எதையோ ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது என்று அந்தக் கூடத்தில் நினைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது தன்னார்வப் பணிக்கு வந்திருந்த ஒரு கிழவி சின்னக் கொடியைக் கையில் கொடுத்து, "வெல்கம் ஹோம்" என்றாள். எனக்கு வாயில் வந்தது, "நன்றி, ஜனவரியில் ஊருக்குப் போகிறேன்" என்பதுதான். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குக் கொடியை நீட்டினாள்.

வண்டியில் நான் அந்தக் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்ததற்குக் கலா கிண்டல் செய்தாள். "இன்னா, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு வரீங்க? நாங்கல்லாம் இந்த சத்தியத்த கல்யாணத்தன்னிக்கே பண்ணிட்டோம். எங்கப்பா வூட்டு ரேஷன் கார்டுல எம்பேர அடிச்சப்ப யாரு கொடி குடுத்தாங்க எனக்கு?" சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவள் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அங்க உனக்கு ஓட்டு உண்டா?" என்றார்.

"இனிமே உண்டுபா."

"யாருக்குப் போடணும்னு யார்னா சொல்லுவாங்களா?"

"அதெல்லாம் கெடயாதுபா. நம்ம இஷ்டம்தான்."

"இஷ்டம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்போ நம்ம வூட்டு ஓட்டுல ஒண்ணு கம்மி."

ஜனவரியில் ஊருக்குப் போனேன். அப்பா இப்போது வேங்கிக்காலில், புதிதாக மனை பிரித்த ஒரு நகரில், தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். கிராமத்திலிருந்து இடம் மாறியபோது வாக்காளர் பட்டியலில் எல்லாருடைய பெயரையும் புது முகவரிக்கு அவர்தான் அலைந்து திரிந்து மாற்றினார். அமெரிக்காவில் இருந்த என் பெயரையும் விடவில்லை. அப்போது நான் இந்தியக் குடிமகன்தான், அதனால் நானும் கவலைப்படவில்லை. அதன்பிறகு யார் வந்து விசாரித்தாலும் "வெளியூர் போயிருக்கான், வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இந்த முறை நான் போயிருந்த சமயத்தில்தான் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு நம் தெருவுக்கு வருகிறார்கள் என்று தம்பி சொன்னான். சாயங்காலம் அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அப்பா, எம்பேர எடுக்கச் சொல்லிடணும். அந்த நாட்டுக் குடிமகன் ஆயிட்டப்புறம் இங்க பேரு இருக்கக் கூடாது. சட்டம்."

"நீ இங்க வந்து ஓட்டு போடப் போறியா?"

"இல்லபா."

"அப்புறம் இன்னா? பேரு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. சோறா கேக்குது?"

"அப்படி இல்லபா. தப்புன்னு தெரிஞ்சே வெச்சிக்கறது வேற. அங்க கைய தூக்கி சத்தியம் பண்ணியிருக்கேன்."

அப்பா என்னைப் பார்க்காமல், எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பட்டியல்ல உம்பேருக்குக் கீழ தகப்பன் பேருன்னு எம்பேர போட்டிருக்கான். ரேஷன் கார்டுல உன்ன எடுத்துட்டாங்க. நெலமும் வித்தாச்சி. நீ எம்புள்ளைன்னு சர்க்கார் எழுதி வெச்சிருக்கறது இப்போ அந்த ஒரு எடத்துலதான்டா. அத்தயும் அடிக்கணுமா?"

சட்டத்துக்கு மேலே ஒருவரும் இல்லை என்று காரில் மனப்பாடம் செய்தவன் நான். நான் சொன்னது சரிதான், இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சரியாக இருப்பதில் இவ்வளவு வலி இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லை. தம்பி எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் பட்டியலோடு வந்தது பக்கத்து நகரின் அங்கன்வாடி டீச்சர். தேர்தல் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அப்பா போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். நான் உள்ளே ஹாலில் இருந்தேன். ஒவ்வொரு பெயராக அவர் படிக்க, அப்பா "இருக்காங்க", "இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"பழனி. தகப்பனார் பேரு முனுசாமி. இவரு எங்கங்கய்யா இருக்காரு?"

வெளியூர் போயிருக்கான் என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன். அது வந்தால் எழுந்து போய் மறுக்க வேண்டும் என்று வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அப்பாவின் குரல் வந்தது.

"போயிட்டாம்மா."

நம் பக்கத்தில் செத்துப்போனவரைச் செத்துட்டார் என்று யாரும் சொல்வதில்லை. போயிட்டார் என்றுதான் சொல்வோம். அந்த டீச்சரும் இந்த ஊர்க்காரர்தான்.

"ஐயையோ... எப்பங்கய்யா? வயசு கூட ஜாஸ்தி இல்லியே" என்றார். பேனா தாளில் எதையோ எழுதப் போகும் சத்தம். அப்பா திருத்தவில்லை.

நான் வெளியே வந்தேன். "மேடம், நான்தான் பழனி. அமெரிக்காவுல இருக்கேன். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டேன். அதனால பேர எடுத்துடுங்க."

டீச்சர் பதறி எழுந்து, என்னைப் பார்த்து, பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வேளை சார், செத்தவங்கள்ல எழுதிட இருந்தேன். இன்னாய்யா நீங்க, இப்படியா சொல்லுவீங்க?" என்று அப்பாவைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் என்று எழுதினார். டீச்சர் காட்டிய இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பொறுமையாகத் துடைத்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்க. எவ்ளோ நேரம் நின்னுக்கினே இருப்பீங்க?"

எனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.