மாமாவின் ஜெபமும் எங்கள் ஈஸ்ட்டும்

ஈஸ்ட் தொழிலில் நாம் விற்கும் சரக்கு உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பது வாடிக்கையாளர் திட்டும்போதுதான் தெரியும். கோழிக்குஞ்சு, மீன்குஞ்சு, நாற்று என்று உயிருள்ள எதையாவது விற்றுப் பிழைக்கிறவர்களே, நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

வரலாறு கேட்ட கதை

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி போகிற சாலையில் இருக்கிறது மாமாவின் ஈஸ்ட் கம்பெனி. அடுக்களையில் ஒரு பானையில் தொடங்கியது, தகரக் கொட்டகையாகி, இன்று மூன்று தொட்டி, குளிர் அறை, இரண்டு வேன் என்று நிற்கிறது. நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. படித்த மருமகள் என்பதால் தரம் பார்க்கும் வேலை எனக்கு. கூடவே புத்தாண்டு காலண்டரில் போடுவதற்குக் கம்பெனி வரலாற்றை எழுதும் வேலையும் தலையில் விழுந்தது.

மாமாவுக்கு அப்போதுதான் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸ் முடியும்வரை வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி எப்படித் தொடங்கியது என்று கேட்டதற்கு நோட்டில் எழுதிக் காட்டினார்: கொல்லத்துப் பேக்கரிக்காரர் ஒருவர் மைக்குப்பியில் முதல் ஈஸ்ட்டைக் கொடுத்தாராம். அடுக்களைக்குப் போனால் அத்தை சிரிக்கிறார். கொல்லமும் இல்லை, குப்பியும் இல்லை, ஆப்ப மாவு பொங்குவதற்கு ஊற்றிய பனங்கள்ளின் மண்டியில் வந்ததுதானாம். இரண்டில் எதை எழுதுவது என்று நான் விழித்தேன். அத்தை கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்: "கள்ளுன்னு எழுதிப்போடாத மக்ளே, மாமா சர்ச்சு சபையில செக்கரட்டரியாக்கும்."

களியக்காவிளையிலிருந்து போன்

அந்த மாதமே ஈஸ்ட் மக்கர் பண்ணத் தொடங்கியது. எங்கள் சரக்கில் பாதியை வாங்குகிறவர் களியக்காவிளை பேக்கரி ராஜப்பன் அண்ணன். அவர் விட்டுப் போனால் கம்பெனியில் விளக்கு எரியாது. மாமாவும் நோட்டில் எழுதிவிட்டார்: 'கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம். சரியாகவில்லை என்றால் பூட்டிவிடலாம்.' பதினோரு பேர் வேலை செய்கிற இடம்.

ஈஸ்ட்டுக்குத் தீனியாகப் போடும் கரும்புப்பாகு மொலாசஸ் மாறியதா, தண்ணீர் மாறியதா, வெயிலில் வேன் நின்றதா என்று போன் பண்ணிய ராஜப்பன் அண்ணனிடமே நான் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மோளே, பன்னு சுட்டா தட்டையாக்கும் வருது. இப்பிடியே போனா கிறிஸ்துமஸுக்கு நான் வேற ஈஸ்ட்டு வாங்குவேன், பின்னே என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

பூதப்பாண்டி ஆப்பக்கடை

எங்கள் ஈஸ்ட்டையே வாங்குகிற ஆப்பக்கடை பாக்கியம் அக்கா கடையில் மாவைக் கண்ணால் பார்க்கப் போனேன். கரண்டியை விட்டுக் கிளறினால் ஒரு குமிழி இல்லை. மாதிரி எடுத்தேன், சூடு பார்த்தேன், அரிசியைக்கூடச் சந்தேகப்பட்டேன். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒனக்க சோதனைய எல்லாம் மூட்டகட்டு. ஒங்க மாமாவுக்க சத்தம் நின்னதுல இருந்தாக்கும் இது இப்பிடி."

நீலப் புள்ளிகள்

மூடநம்பிக்கை என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். தொட்டியில் பெருக்குவதற்காக வைத்திருக்கும் விதை ஈஸ்ட்டில் நீலச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செத்தது நீலமாகும். ஒன்றிரண்டுதான் நீலம். அதே விதையைத் தொட்டியில் போட்டபிறகு எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நீலம். தொட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

எங்கள் முறை இதுதான். மொலாசஸைக் காய்ச்சித் தொட்டியில் ஊற்றுவோம். சுவரில் உள்ள வெப்பமானி முப்பது டிகிரி காட்டியதும் எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணுவோம். ஆமென் சொன்னதும் விதையைப் போடுவோம். மாமா ஜெபம் பண்ணினால் கால் கடுக்கும். அவருக்குப் பதில் இப்போது பண்ணுகிற என் வீட்டுக்காரர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். அதில் மிகவும் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

தொட்டி பார்ப்பவர் தங்கப்பன் அண்ணாச்சி. அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமத்தோடு, தொட்டியில் ஒரு கையை வைத்தபடி, எங்கள் ஜெபத்துக்கு மரியாதையாக நிற்பவர். என் குழப்பத்தைப் பார்த்து மெல்லத் தொடங்கினார். சுவரோரம் ஆறினாலும் தொட்டியின் நடுவில் சூடு இருக்குமாம். மாமா ஜெபம் பண்ணிய காலத்தில் ஆமென் வருவதற்குள் அதுவும் ஆறிவிடுமாம். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஒங்க ஜெபம் நீளம் பத்தலன்னு நான் எப்பிடி மக்ளே சொல்லியது?"

நாலு பக்க ஜெபம்

நீளமான கம்பி வெப்பமானியை நடுவில் விட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னது அப்படியே சரி, அந்தச் சூட்டில்தான் விதை செத்திருக்கிறது. மாமாவிடம் ஓடினேன். அவர் தன் ஜெபத்தை நோட்டில் எழுதித் தந்தார். நாலு பக்கம். வாடிக்கையாளர் ஒவ்வொருவருடைய பேரும் வந்து சேர்ந்த வரிசையில் இருந்தது, நடுநடுவே லாரி டிரைவர்களும் மின்வாரியமும். ஆள் கூடக் கூட ஜெபம் நீண்டிருக்கிறது. ஆள் கூடியதால்தான் தொட்டியும் பெரிதாகியிருக்கிறது. பெரிய தொட்டி ஆறுவதற்கு நேரம் கூடத்தானே வேண்டும்?

கிறிஸ்துமஸ் சரக்குக்கு என் வீட்டுக்காரர் அந்த நாலு பக்கத்தையும் விடாமல் வாசித்தார். மாமா தலைகுனிந்து நின்றார், கண் நனைந்திருந்தது. எனக்கும்தான். வெப்பமானியையும் பார்த்துக்கொண்டேன், ஆமென் வரும்போது நடுவிலும் முப்பது. நாலாம் நாள் ராஜப்பன் அண்ணன் போனில் சிரித்தார்: "மோளே, பன்னு பெட்டிக்குள்ள அடங்கமாட்டேங்குது. அடுத்த லோடு எப்போ விடுவே?"

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். முதல் பேர் நேசையன். தினமும் காதில் விழுந்த பேர்தான், ஆனால் அப்படி ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு இல்லை. யார் என்று கேட்டேன். மாமா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்து எழுதினார்: "பனையேறி. கள்ளு மண்டி தந்த மனுஷன். சபையில சொல்லாண்டாம்."

காலண்டரில் வரலாற்றுக்கு விட்ட இடத்தில் ஆப்பத்தின் படத்தைப் போட்டுவிட்டோம், ஆனால் நான் எழுதித் தொட்டியருகே மாட்டிய செய்முறை அட்டையில் நாலாவது வரி இன்றும் 'ஆமென்' என்றே இருக்கிறது, அது நுண்ணுயிரியலா விசுவாசமா என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.