பாலாம்பாளின் பதவிக்காலம்

ஐம்பத்தோராவது வயதில் பாலாம்பாளுக்கு மாதவிலக்கு நின்றது. அதோடு அவளுக்கு ஒரு பதவியும் வந்தது. மராத்திக்காரர்கள் ஊரான தாபோடியில் தமிழர்கள் நடத்தும் அம்மன் கோயிலில் மற்ற பெண்கள் நாள் கணக்குப் பார்த்து ஒதுங்க, முப்பது நாளும் 'சுத்தமாக' இருக்கும் ஒரே ஆள் என்று கமிட்டி அவளையே நைவேத்தியம் பொங்க வைத்தது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற கணவர் பரமசிவத்துக்குக்கூட அந்தத் தெருவில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

மூன்றாம் வருஷம் ஆடியில், கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள், புடவையில் ரத்தம் பட்டது.

நியாயமாக டாக்டரிடம் போயிருக்க வேண்டும். பாலாம்பாள் பழைய துணியைத் தேடினாள். 'சூட்டு உடம்பு' என்று தனக்குத் தானே வைத்தியம் பார்த்து, வெந்தயத்தை விழுங்கிவிட்டு, அம்மனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி கூழ் கிண்டினாள். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, நவராத்திரிக்கு ஒன்பது வகைச் சுண்டல். ரத்தமும் விடாமல் விழாவுக்கு வந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் அடிவயிறு வலித்து நடக்க முடியாமல் போனது. பரமசிவத்துக்குப் பெண்கள் வியாதி என்றால் காது கேட்காது. பாலாம்பாளின் ஹிந்தியோ காய்கறிக் கடையைத் தாண்டாது. ஆகவே பக்கத்து ஔந்தில் இருந்த டாக்டரம்மாவிடம் துணைக்குப் போனவள் எதிர்வீட்டு பானு. மராத்தி சரளமாகப் பேசுவாள். கோயில் கமிட்டிச் செயலாளரும் அவளே.

டாக்டர் கேட்டதை பானு தமிழில் சொன்னாள். "நின்னப்புறம் எப்பவாச்சும் ரத்தம் பட்டுச்சான்னு கேக்காங்கக்கா."

"ஏட்டி, கோயிலுக்குப் பொங்குறவகிட்ட கேக்குற கேள்வியா இது?"

பானு பெருமையோடு இல்லை என்றாள். டாக்டர் சோனோகிராபி ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி, வயிற்று வலிக்கு மாத்திரை எழுதினார். மாத்திரையில் வலி அடங்கியதும், சோனோகிராபி பொங்கலுக்கு அப்புறம் என்று ஒத்திப்போடப்பட்டது. பொங்கல் பிரமாதமாக வந்தது.

மாசியில் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உடம்பில் ரத்தம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. கருப்பையின் உட்சவ்வைச் சுரண்டிச் சோதித்தார்கள். புற்றுநோய், கருப்பையைத் தாண்டிவிட்டது.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு உண்மையச் சொல்லச் சொல்றாங்க," என்றாள் பானு.

"ஆடி."

பானு உடனே மொழிபெயர்க்கவில்லை. முகம் மாறிவிட்டது. "அப்போ அந்தக் கூழு? நவராத்திரிச் சுண்டல்? எல்லாருமே சாப்பிட்டோமேக்கா!"

டாக்டர் மறுபடி கேட்டார். எட்டு மாதம் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். முதல் சொட்டுக்கே வந்திருந்தால் கருப்பையை எடுத்ததோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். இனி கீமோ கொடுத்துப் பார்க்கலாம், குணமாகும் என்று வாக்குத் தர முடியாது என்றார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றும் கேட்டார்.

பாலாம்பாள் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கமிட்டில மட்டும் சொல்லிராதட்டி."

கேள்வி ஒன்றும் இல்லையாம் என்று பானு மராத்தியில் சொன்னாள்.