பதினான்காவது பெயர்

பன்னிரண்டு வருஷம் லிஃப்ட்காரர் தீட்சைக்காகக் காத்திருந்தார். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். சட்டைப் பையில் குருவின் படம் இல்லாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்கமாட்டார்.

குரு ஊருக்கு வந்த அன்று பார்த்து, ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் ஒரு கர்ப்பிணி மாட்டிக்கொண்டாள். அவளை இறக்கிவிட்டு, கிரீஸ் படிந்த கையோடு மண்டபத்துக்கு ஓடினால் குரு காரில் ஏறிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, அடுத்த வருஷம் வா, பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் அவருக்கு முதுகுவலி, பயணம் ரத்து. பிறகு அவர் எங்கும் போகவில்லை. இவரே லீவு போட்டுவிட்டு ஆசிரமத்துக்குப் போனார். முறை வருவதற்குள் குரு களைத்து உள்ளே போய்விட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. போன மாசி மாதம் குரு காலமானார்.

ஊரிலிருந்த குருவின் பக்தர் சங்கம் இரண்டாகப் பிளந்தது. குரு பெயரால் நானே மந்திரம் கொடுக்கிறேன், வாங்குகிறவர் அவருக்கே சீடர் என்றார் மூத்த சீடர். உயிரோடு இருப்பவரிடம்தான் தீட்சை வாங்க வேண்டும் என்றார் சங்கத்திலிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். இருவரும் ஆதாரம் காட்டியது ஒரே சுலோகத்தை. லிஃப்ட்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"மந்திரம்தானே வேணும்? யார் சொன்னா என்னங்க?" என்றாள் மனைவி.

"மந்திரம் தெரியாமலா இருக்கேன்? இத்தனை வருஷமா சங்கத்துல ஜபம் பண்றவங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுதானே இருக்கேன். ஒருத்தர் என் மூஞ்சியப் பார்த்து, சரி, நீ என் ஆளுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

ஆனாலும் மனசு கேட்காமல் மூத்த சீடரிடம் போனார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வரிசையில் பதினான்காவது ஆளாக உட்கார்ந்தார். முறை வந்ததும் தணிந்த குரலில் கேட்டார்: "அவருக்கு என்னைத் தெரியுமா?"

"குருவுக்கு எல்லாரையும் தெரியும்."

"எல்லாரையும் தெரியறது வேற. என்னைத் தெரியுமா?"

மூத்த சீடர் கையிலிருந்த படிவத்தைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், பொய் வரவில்லை. "எனக்குத் தெரியாதுப்பா. எனக்கே நானூறு பேரோட சேர்த்து மைக்லதான் கொடுத்தார். நான் தூணுக்குப் பின்னாடி இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை."

லிஃப்ட்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார். இதைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பஸ் முழுக்கப் பொருமினார்.

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் புதிய சீடர் பட்டியல் வந்தது. பதினான்காவது, இவர் பெயர். நான் வாங்கவே இல்லையே, அடித்துவிடுங்கள் என்று அலுவலகத்தில் போய் நின்றார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார். பட்டியல்ல ஏறினா ஏறினதுதான்" என்றார் குமாஸ்தா.

மூன்று தடவை போய்ச் சண்டை போட்டுப் பார்த்தார். இன்றுவரை அந்தப் பெயரை யாரும் அடிக்கவில்லை. பட்டியலைப் பார்த்த டீச்சர், தெருவில் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.