திமில் இல்லாத காளை

எம்.ஏ. வரலாற்றில் கிரேக்க, ரோமானிய நாகரிகம் படிக்கப்போகிறேன் என்றதும் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். நர்ஸிங் போயிருந்தால் ஊருக்கே ஊசி போட்டிருப்பேனாம். "செத்துப்போன வெள்ளக்காரன் கதை இவளுக்கு எதுக்கும்மா?" என்று என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்பான். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. அவன் வாயாலேயே என் படிப்பைப் பெருமையாகச் சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போவேன். ஒரு நாள் வகுப்பில் கிரீட் தீவு அரண்மனையின் சுவர் ஓவியத்தைத் திரையில் காட்டினார்கள். பாய்ந்து வரும் காளை. ஒருவர் கொம்பைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் அதன் முதுகின்மேல் தலைகீழாக நிற்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்துவிட்டேன்.

"சார், எங்க ஊர் ஜல்லிக்கட்டுல கொம்பப் புடிச்சா வெளிய அனுப்பிருவாங்க. திமிலத்தான் புடிக்கணும். இந்த மாட்டுக்குத் திமிலே இல்லையே சார், பாவம், எதப் புடிப்பாங்க? அதான் தாண்டிக் குதிச்சிட்டாங்க."

வகுப்பே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "இதையே கருத்தரங்குல கட்டுரையா வாசிம்மா" என்றார். வாசித்தேன். துறையில் எல்லோரும் கைதட்டினார்கள். கர்வமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து அந்த ஓவியத்தைப் போனில் அண்ணன் முன்னால் நீட்டினேன். பார்த்தான். மாட்டுக்குத் தண்ணி காட்டத் தொழுவத்துக்குப் போய்விட்டான்.

தொழுவத்தில் நின்றது எங்கள் குடும்பத்தின் முதல் காளை. தாத்தா காலம்வரை நாங்கள் மேய்த்ததெல்லாம் அடுத்தவர் மாடுதான்.

அந்தத் தை மாதம் அண்ணன் அதை முதன்முதலாக வாடிவாசலுக்குக் கொண்டுபோனான். காளை அவிழும்போது உரிமையாளர் யார், என்ன தொழில் என்று மைக்கில் சொல்வது வழக்கம். வக்கீல் மாடு வந்தது, கவுன்சிலர் மாடு வந்தது. நானும் அம்மாவும் கேலரியில் நசுங்கிக்கொண்டிருந்தோம்.

"அடுத்து வருது பாரு, கிரேக்க நாகரிகம், ரோமானிய நாகரிகம் படிக்கிற தங்கச்சி மாடு! எம்.ஏ. மாடு! தொட்டுப் பாரு மாப்ள!"

"வெளிநாட்டு மாடாப்பா?" என்றார் பின்னால் ஒருவர்.

அம்மா என் தோளைப் போட்டு உலுக்கினாள். அம்புட்டையும் மைக்கில் பேசுகிறவருக்கு மனப்பாடம் பண்ணவைக்க அண்ணன் என்ன பாடு பட்டானோ! காளை பிடிபட்டதா, தப்பித்ததா என்று நான் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் அண்ணன் எங்கே நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தேன்.