திப்பாவுக்குச் சுற்று வழி

கார்மேகம் வண்டி ஓட்டும்போது பாட்டுப் போட மாட்டார். பின்னால் கொக்கியில் மாட்டி வரும் கேரவன் என்ன சத்தம் போடுகிறது என்பதிலேயே அவர் காது இருக்கும். நீளமான வெள்ளைப் பெட்டி அது. உள்ளே கண் பரிசோதிக்கும் கருவிகள், ஒரு சாய்வு நாற்காலி, மருந்து வைக்கும் குளிர்பெட்டி. துபாயில் உள்ள ஒரு கண் மருத்துவமனை மாதம் ஒருமுறை அதை மலைப்பக்கத்துத் தோட்டங்களுக்கு அனுப்புகிறது. ஜெபல் அலியிலிருந்து இழுத்துப் போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது கார்மேகத்தின் வேலை. கூட வருகிறவர் நர்ஸ் ஷாஜினி, குளச்சல்காரர்.

கார்மேகத்துக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். ஜெபல் அலியில் ஒரு பட்டறைக்கு கிரைண்டிங் வேலைக்குத்தான் முதலில் வந்தார். ஒருநாள் இரும்புத்தூள் வலது கண்ணில் தெறித்தது. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு டியூட்டியைத் தொடர்ந்தார். கண் சிவந்து, வீங்கி, மூடிக்கொண்ட பிறகும் லீவு கேட்கப் பயம். அந்த வாரம் இந்தக் கேரவன் தொழிலாளர் கேம்ப் வாசலில் வந்து நின்றது அவருடைய நல்ல நேரம்.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கண்ணு போயிருக்கும் பாத்துக்கிடுங்க” என்று சொல்லி ஷாஜினிதான் அவரை வரிசையில் முன்னால் இழுத்துப் போய் டாக்டரிடம் உட்கார வைத்தார். கண் பிழைத்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பிறகு லைசென்ஸ் எடுத்தார். பார்வை டெஸ்டில் கடைசி வரிவரை படித்துவிட்டு வெளியே வந்ததும், முதல் போன் ஊரில் இருக்கும் மனைவி ஜோதிமணிக்கு, அடுத்தது ஷாஜினிக்கு. சில வருஷம் கழித்துக் கேரவன் ஓட்ட ஆள் தேவைப்பட்டபோது அவரைக் கூப்பிட்டுச் சொன்னதும் ஷாஜினிதான்.

கேரவனை இழுக்கும்போது போன் காட்டும் வழியெல்லாம் வழி ஆகாது. கார் ஏறுகிற ஏற்றத்தில் கேரவன் பின்னுக்கு இழுக்கும். இறக்கத்தில் முன்னுக்குத் தள்ளும். ஸ்பீடு பிரேக்கர் அதிகமுள்ள ரோட்டில் போனால் உள்ளே கருவி ஆடிப்போகும், அன்றைக்குப் பரிசோதனையே நடக்காது. சில பெட்ரோல் பங்கில் கூரை தாழ்வு. தவறான இடத்தில் நுழைந்துவிட்டால் திருப்பவும் முடியாது. இதையெல்லாம் கார்மேகம் தெரிந்தவர்களிடம் கேட்டே போவார். தண்ணீர் டேங்கர் ஓட்டும் பட்டாணியர்கள், காய்கறி ஏற்றும் மலையாளிகள், வழியில் டீக்கடை வைத்திருப்பவர்கள் என்று அவர் போனில் பாதிப் பெயர்கள் ரோட்டுக்காகவே இருந்தன.

போன ஏப்ரலில் திப்பா பக்கம் போக வேண்டியிருந்தது. அங்கே முஆத் என்கிற அரபிக்குப் பெரிய தோட்டம் இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் அங்கேதான் வந்து கூடுவார்கள். தைத் என்கிற ஊரைத் தாண்டி, மசாஃபி வழியாக மலைக்குள் இறங்கும் ரோடுதான் கிட்ட. காலையில் தைத்தில் கரக் டீ குடிக்க நிறுத்தியபோது கிழக்கே மலைமேல் மேகம் கறுத்துக் கிடந்தது. கார்மேகம் டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு டேங்கர் டிரைவருக்குப் போன் போட்டார். அப்புறம் முஆதுக்கு.

“என்ன அண்ணே?” என்றார் ஷாஜினி.

“வாதி ஓடையில தண்ணி எறங்கிருச்சாம் தங்கச்சி. ரோட்டு மேலயே ஓடுதாம். மலீஹா போயி, புஜைரா போயி, கடலோரமா சுத்தித்தான் போகணும்.”

“அய்யோ, ஒன்பது மணிக்கு வாறோம்னு சொன்னோமே. காலம்பறயே வந்து காத்துக் கெடப்பாவ. இங்க ரோடு காஞ்சுதான கெடக்கு?”

“இங்கன காஞ்சு கெடக்கு. அங்கிட்டுக் கொட்டுதே. உள்ள போயி மாட்டுனா இதைத் திருப்ப எடம் இல்ல.”

ஷாஜினி மேகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். “சரி, சுத்தியே போவோம். நான் அவங்களுக்குச் சொல்லிடுதேன்.”

டீக்கடைக்காரர் இரண்டு கார்களை நகர்த்தச் சொல்லி இடம் விட, கார்மேகம் கேரவனை வளைத்துத் திருப்பினார்.

சுற்று வழியும் லேசாக இல்லை. மலையிடுக்கில் பக்கவாட்டுக் காற்று அடித்துக் கேரவனின் வால் ஆட ஆரம்பித்தது. ஷாஜினி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாதாவை வேண்டினார். கார்மேகம் பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறையவிட்டார். ஆட்டம் அடங்கியது. அதற்கப்புறம் லாரிகளோடு லாரியாக வலது ஓரத்திலேயே ஊர்ந்தார். கோர்பக்கான் தாண்டும்போது கடல் சாம்பல் நிறமாக இருந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. யாரும் கிளம்பிப் போகவில்லை. முஆத் எல்லோரையும் விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிசில் உட்காரவைத்துச் சோறு போட்டிருந்தார். “ஹம்துலில்லாஹ், வந்துவிட்டீர்களா!” என்று கார்மேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் பாலகுரு என்று ஒருவர் வந்தார். முஆத் தோட்டத்தில் மோட்டார் பார்க்கிறவர். சொந்த ஊர் பரமக்குடி.

“நேத்துலருந்து எடது கண்ணுல கறுப்பா திரை விழுந்த மாதிரி இருக்கு சிஸ்டர். தூசின்னு நெனச்சேன். கண்ணாடி போட்டாச் சரியாயிருமா?”

ஷாஜினி கருவியில் பார்த்தார். படத்தை அங்கிருந்தே துபாயில் டாக்டருக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது, நடுப்பகுதிக்கு இன்னும் வரவில்லை, இப்போதே கொண்டுவாருங்கள், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

பாலகுரு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இன்னைக்கேவா? வேலை கெடக்கே. அர்பாப் என்ன சொல்வாரோ...”

அர்பாப், அதாவது முதலாளி, என்று அவர் சொன்ன முஆத் பின்னாலேயே நின்றிருந்தார். ஷாஜினி இந்தியில் விவரம் சொன்னதும் அவர் கேரவனைக் காட்டி, “இது இங்கேயே நிற்கட்டும். என் வீட்டுப் பொருள் மாதிரி. வேலைக்கு வேறு ஆள் இருக்கிறது. நீங்கள் கிளம்புங்கள், யல்லா!” என்றார்.

கொக்கியைக் கழற்றிவிட்டு, கேரவனை இழுத்து வந்த பிக்கப்பில் மூவரும் கிளம்பினார்கள். மறுபடியும் அதே சுற்று வழி. பின்னால் பாரம் இல்லாததால் வண்டி பறந்தது. பாலகுரு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வந்தார். “பயமா இருக்குண்ணே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

“எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்றார் கார்மேகம். “இந்தா, அந்தக் கண்ணை வச்சுத்தான் இப்ப ஒன்னைய கூட்டிட்டுப் போறேன்.”

அன்று இரவே ஆபரேஷன் நடந்தது. பாலகுரு சில நாட்கள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. பார்வை தங்கியது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல் இருக்கும் என்றார் டாக்டர். மசாஃபி ரோட்டில் அன்று மாலைவரை கார்கள் சிக்கிக் கிடந்த செய்தியை ஷாஜினி போனில் காட்டினார்.

“அந்த ரோட்டுல போயிருந்தா நம்ம இன்னும் அங்கதான் நிப்போம் அண்ணே. நல்லவேளை நீங்க வழி பாத்தீங்க.”

“நான் எங்க பாத்தேன்? டேங்கர்க்காரரு சொன்னாரு, முஆத் சொன்னாரு, டீக்கடைக்காரரு எடம் விட்டாரு. அவுங்களுக்குத்தான் சொல்லணும்.”

சொல்லவும் செய்தார். மறுநாள் கேரவனைத் திரும்பக் கொண்டுவரக் கிளம்புமுன் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ஒரு ஆளுக்குக் கண் பிழைத்த கதையை முழுசாகச் சொன்னார். டேங்கர் டிரைவர் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “எந்த ரோடு வேண்டுமானாலும் என்னைக் கேள் பாய்” என்றார்.

ஜூனில் மறுபடி திப்பாவுக்குப் போனபோது மலை காய்ந்து கிடந்தது. மசாஃபி ரோடும் திறந்திருந்தது. தோட்டத்து வாசல் குறுகல், கேரவனைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். கார்மேகம் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு மாம்பழப் பையோடு பாலகுரு நின்றிருந்தார்.

“வாங்கண்ணே, வாங்க... எடது பக்கம் கொஞ்சம் ஒடிங்க. வாங்க, நல்லாத் தெரியுது எனக்கு. வரலாம்!”